படுத்த படுக்கையான துணை, நின்றுபோன சம்பளம்: எந்த உதவியை எந்த வரிசையில் கேட்பது

கணவனோ மனைவியோ பக்கவாதத்திலோ விபத்திலோ முடங்கிவிட்டால், அந்த வீட்டில் பெரும்பாலும் இரண்டு வருமானம் நின்றுபோகிறது. விழுந்தவருடையது அன்றைக்கே. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவருடையது அடுத்த சில மாதங்களில், லீவெல்லாம் தீர்ந்த பிறகு. அந்தச் சமயத்தில்தான் மருந்து, டயாப்பர், ஆட்டோ, பிசியோதெரபி என்று இதுவரை இல்லாத செலவுகள் ஏறுகின்றன.

தமிழ்நாட்டில் இதற்கென்று உதவிகள் இருக்கின்றன. ஆனால் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, வருவாய்த்துறை, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு), பி.எஃப்., வங்கி, வருமான வரி என்று ஆளுக்கொரு திசையில் கிடக்கின்றன. ஒரு ஜன்னலில் நிற்பவருக்கு அடுத்த ஜன்னலில் என்ன கிடைக்கும் என்று யாரும் சொல்வதில்லை. தகுதியிருந்தும் பணம் கைநழுவுவது பெரும்பாலும் வரிசை தப்புவதால்தான். கெடு உள்ளதை விட்டுவிட்டு கெடு இல்லாததற்கு அலைவார்கள். குறைந்த தொகைக்கு முதலில் எழுதிக் கொடுத்துவிட்டு அதிகத் தொகையை இழப்பார்கள். அதனால் இந்த வழிகாட்டியை வரிசையை வைத்தே எழுதியிருக்கிறோம். தொகைகள் 2025 நிலவரம்.

முதலில்: கெடு ஓடிக்கொண்டிருப்பவை

ஊனச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்காமல், ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே தொடங்க வேண்டியவை இவை.

விபத்து என்றால், அடிபட்டவருடைய எல்லா வங்கி பாஸ்புக்கையும் எடுத்து மே மாதக் கடைசி வாரப் பதிவுகளைப் பாருங்கள். அங்கே 20 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனாவின் ஆண்டுச் சந்தா. கணக்குத் தொடங்கிய நாளில் ஏதோ ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது. விபத்தில் இரு கண், இரு கை, இரு கால் இவற்றின் செயல் முழுமையாக, திரும்ப வராதபடி போனால் 2 லட்சம் ரூபாய். ஒரு கண்ணோ ஒரு கையோ காலோ போனால் 1 லட்சம். வங்கிக் கிளைக்கு 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஜன்தன் கணக்கோடு வந்த ரூபே கார்டிலும் விபத்துக் காப்பீடு உண்டு. அதையும் அதே நாளில், அதே கிளையில் எழுத்தில் கேளுங்கள். எல்.ஐ.சி. பாலிசி, வீட்டுக்கடன், வாகனக்கடன் இருந்தால் அந்தப் பத்திரங்களில் ஊனத்துக்கான காப்பீடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கடனோடு காப்பீடு எடுத்ததே தெரியாமல் வருடக்கணக்கில் தவணை கட்டும் குடும்பங்கள் உண்டு.

சாலை விபத்து என்றால் மூன்று தாள்கள் உடனே வேண்டும்: எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்), டிஸ்சார்ஜ் சம்மரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் போட வேண்டும். வேலையின்போது காயம்பட்டு, அவருக்கு இ.எஸ்.ஐ. இல்லையென்றால் முதலாளியிடம் இழப்பீடு கேட்கலாம். அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம்.

இந்த இரண்டு வழக்கிலும் வக்கீலிடம் நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியவை இரண்டு உண்டு. முதலாவது, சான்றிதழில் உள்ள ஊன சதவீதமும் சம்பாதிக்கும் திறன் இழப்பும் ஒன்றல்ல. இடது கையை முழங்கைக்கு மேலே இழந்த ஒரு தச்சுத் தொழிலாளிக்கு 1975ல் உச்ச நீதிமன்றம் நூறு சதவீத வருமான இழப்பு என்று தீர்ப்பளித்தது. ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதே காரணம். ஓட்டுநரின் கால், தையல்காரரின் விரல், ஆசிரியரின் குரல் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். இரண்டாவது, பார்த்துக்கொள்பவரின் உழைப்பு. மனைவிதானே பார்த்துக்கொள்கிறார், செலவு இல்லையே என்று உதவியாளர் செலவை மனுவில் விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். 2020ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், உதவியாளர் செலவை ஆயுளுக்கும் பெருக்கிக் கணக்கிட வேண்டும் என்று சொல்லி அப்படியே வழங்கியது. நீங்கள் வேலையை விட்டிருந்தால், உங்கள் கடைசிச் சம்பளச் சீட்டையும் வேலையை விட்ட கடிதத்தையும் மனுவோடு சேர்க்கச் சொல்லுங்கள்.

ராஜினாமா கடிதம் எழுதாதீர்கள்

"இனிமேல் வேலைக்கு வர முடியாது, எழுதிக் கொடுத்துவிடுங்கள், செட்டில்மென்ட் தருகிறோம்" என்று அலுவலகத்திலிருந்து ஆள் வந்தால், அன்று எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

அவர் அரசு அல்லது பொதுத்துறை ஊழியர் என்றால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ன் 20ஆவது பிரிவு அவரைக் காக்கிறது. பணிக்காலத்தில் ஊனமுற்றவரை வேலையை விட்டு நீக்கவோ பதவியில் இறக்கவோ முடியாது. பழைய வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை தர வேண்டும். அப்படி இடம் இல்லையென்றால், ஓய்வு வயது வரையில் கூடுதல் பணியிடம் உருவாக்கி அதில் வைத்திருக்க வேண்டும். விருப்ப ஓய்வு என்று எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தப் பாதுகாப்பை நீங்களே கைவிட்டதாக ஆகிவிடும். நீங்கள் மத்திய அரசு ஊழியராக இருந்து உங்கள் துணை மாற்றுத்திறனாளி என்றால், வழக்கமான சுழற்சி இடமாற்றத்திலிருந்து விலக்குக் கேட்க 2018 அக்டோபரில் வந்த ஆணை இடம் தருகிறது.

தனியார் வேலை என்றால், இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்ததா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள். வேலையால் வந்த நிரந்தர ஊனம் என்றால், மருத்துவக் குழு குறிக்கும் திறன் இழப்பின்படி மாதாமாதம் பணம் வரும். முழு ஊனத்துக்கு அது சம்பளத்தில் 90 சதவீதம், ஆயுள் முழுக்க. வேலைக்குச் சம்பந்தமில்லாமல் வந்த நோய் என்றாலும் கை விரித்துவிட மாட்டார்கள்: நோய்க்காலப் படி உண்டு, பக்கவாதம் போன்ற குறிப்பிட்ட நீண்டகால நோய்களுக்கு அதை 80 சதவீதச் சம்பளத்தில் நீட்டித்தும் தருகிறார்கள்.

பி.எஃப். பக்கம் பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. ஓய்வூதியத்துக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும் என்று கேள்விப்பட்டு, குறைவாக இருக்கிறதே என்று மொத்தப் பணத்தையும் எடுத்துவிடுவார்கள். வேலையில் இருக்கும்போதே நிரந்தரமாக, முழுமையாக ஊனமுற்றவருக்கு இந்தப் பத்து வருடக் கணக்குக் கிடையாது. ஓய்வூதிய நிதிக்கு ஒரே ஒரு மாதச் சந்தா போயிருந்தாலும் ஊன ஓய்வூதியம் கேட்கலாம். படிவம் 10டி. குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். சிறிய தொகைதான், ஆனால் ஆயுளுக்கும் வரும், அவருக்குப் பிறகு உங்களுக்குக் குடும்ப ஓய்வூதியமாகத் தொடரும். கிராஜுட்டியிலும் இதே போலத்தான்: ஊனத்தால் வேலை போனால் ஐந்து வருட நிபந்தனை பொருந்தாது.

உங்கள் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. விடுவதற்கு முன் சம்பளமில்லா விடுப்பு, அரை நாள் வேலை, வீட்டிலிருந்து வேலை எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டுப் பாருங்கள். உங்கள் பெயரில் இ.எஸ்.ஐ. இருந்து துணை உங்களைச் சார்ந்திருந்தால், அவருடைய மருத்துவம் அதில்தான் ஓடும். உங்கள் வேலை போனால் அதுவும் நின்றுவிடும்.

சான்றிதழும் அந்த சதவீதமும்

இனி வருவது எல்லாவற்றுக்கும் திறவுகோல் யூடிஐடி என்கிற தனித்துவ அடையாள அட்டை. ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் கிடையாது. ஆதார், ஆறு மாதத்துக்குள் எடுத்த புகைப்படம், கையெழுத்து அல்லது கைரேகை இவை போதும். வசிக்கும் மாவட்டத்தில் மட்டுமின்றி சிகிச்சை நடக்கும் மாவட்டத்திலும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்ப எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழு எந்தக் கிழமை உட்காருகிறது என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். கலெக்டர் அலுவலக வளாகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

எப்போது போவது என்பது முக்கியம். கால் எடுத்துவிட்டார்கள் என்றால் காத்திருக்கக் காரணமில்லை. பக்கவாதத்துக்கோ தலைக் காயத்துக்கோ பெரும்பாலும் ஆறு மாதம் கழித்து வரச் சொல்வார்கள், அதற்குள் எவ்வளவு தேறும் என்று பார்ப்பதற்காக. அந்த ஆறு மாதத்தை வீணாக்காமல் காகிதம் சேருங்கள்: டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் அறிக்கை, படம், பிசியோதெரபி குறிப்பு, நரம்பியல் மருத்துவரின் கடைசிச் சீட்டு. எல்லாவற்றிலும் பெயரும் வயதும் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். இனிஷியல் ஒன்று மாறியிருப்பதால் திரும்பி வரும் விண்ணப்பங்கள் ஏராளம்.

மருத்துவக் குழுவின் முன் நடப்பதில் ஒரு சிக்கலைத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கவாதம் வந்தவருக்குக் கை கால் மட்டும் பார்த்து, எலும்பு முறிவு மருத்துவரோ உடலியக்க மருத்துவரோ சதவீதம் போட்டு அனுப்பிவிடுவார். பேச்சு போயிருக்கும், பார்வையில் பாதி மறைந்திருக்கும், ஞாபகம் குலைந்திருக்கும். அவை கணக்கில் வராது. நீங்கள் வாய் திறந்து, "பேச்சையும் மதிப்பிட வேண்டும்" என்று கேட்டால்தான் அந்தந்தப் பிரிவுக்கு அனுப்புவார்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. இரண்டு ஊனங்கள் இருந்தால் சதவீதங்களை அப்படியே கூட்டமாட்டார்கள். பெரிய எண்ணை அப்படியே வைத்து, 90லிருந்து அதைக் கழித்து, மீதியைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்து, பெரிய எண்ணோடு சேர்ப்பார்கள். கை கால் இயக்கத்துக்கு 65, பேச்சுக்கு 45 என்று வைத்துக்கொள்வோம். 90லிருந்து 65 போக 25. 25ஐ 45ஆல் பெருக்கினால் 1,125. அதை 90ஆல் வகுத்தால் 12.5. மொத்தம் 77.5 சதவீதம். பேச்சை மதிப்பிடாமல் வந்திருந்தால் 65லேயே நின்றிருக்கும். கீழே சொல்லப்போகும் 2,000 ரூபாய்க்கு 75 சதவீதம் வேண்டும். அந்த வித்தியாசம் மாதாமாதம், ஆண்டுக்கணக்கில் வரும்.

முக்கியமான எல்லைகள் மூன்று. 40 சதவீதம் இருந்தால் சட்டப்படி பெரும்பாலான சலுகைகளின் வாசல் திறக்கும். 75, தமிழ்நாட்டில் கடும் பாதிப்புக்கான எல்லை. 80, வருமான வரியிலும் மத்திய அரசின் ஊன ஓய்வூதியத்திலும். உண்மையில் இல்லாத ஊனத்தைச் சொல்லிச் சதவீதம் ஏற்றச் சொல்லவில்லை. இருக்கிறதை விடாமல் காட்டுங்கள் என்கிறோம். அவர் தானாகச் செய்ய முடியாதவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: புரண்டு படுப்பது, உட்காருவது, வாய் கொப்பளிப்பது, சாப்பிடுவது, சிறுநீர், மலம், உடை, பேச்சு. குழுவின் முன்னால் கிடைக்கும் சில நிமிடத்தில் பதற்றத்தில் பாதி மறந்துபோகும்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் நிரந்தரமா தற்காலிகமா என்று பாருங்கள். தற்காலிகம் என்றால் முடிவு தேதிக்கு மூன்று மாதம் முன்பே புதுப்பிக்க நிற்க வேண்டும். தேதி கடந்தால் அதை நம்பி வரும் உதவித்தொகையும் நிற்கலாம். சதவீதம் நியாயமாக இல்லையென்றால் மேல்முறையீடு உண்டு, 90 நாளுக்குள்.

மாதாமாதம் வரும் பணம்

இங்கேதான் வரிசை தப்பும் தவறு அதிகம் நடக்கிறது. மாற்றுத்திறனாளிக்கு மாதப் பணம் தருபவை இரண்டு தனித்தனித் துறைகள்.

ஒன்று, மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000 ரூபாய். கடும் பாதிப்பு 75 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோயால் பாதிப்பு, பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிலரோசிஸ், முதுகுத்தண்டுவடப் பாதிப்பு இவற்றுக்கு 40 சதவீதம் இருந்தால் போதும். முதுகுத்தண்டில் அடிபட்டவரின் குடும்பம் 75 இல்லையே என்று திரும்பிப் போக வேண்டியதில்லை. இதற்கு விண்ணப்பிக்கும் இடம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்.

மற்றொன்று, வருவாய்த்துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். 2023 ஜனவரி முதல் மாதம் 1,500 ரூபாய். 18 வயதும் 40 சதவீதமும் வேண்டும். இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் வழியாகச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும்.

இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. பக்கத்து வீட்டில் 1,500 வாங்குகிறார்கள் என்று அதற்கு முதலில் எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு 2,000க்கு மாற அந்த ஓய்வூதியத்தை ரத்து செய்து, ரத்தான ஆணையைக் காட்டி, மறுபடி முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும். உங்கள் துணை 2,000க்கான பட்டியலில் வருகிறாரா என்று முதலில் பாருங்கள். வரவில்லையென்றால் மட்டும் 1,500.

உதவியாளர் இல்லாமல் எதுவுமே செய்ய முடியாத நிலை என்றால், பராமரிப்புத் தொகையோடு கூடுதலாக உயர் ஆதரவு தேவைப்படுவோருக்கான உதவியாளர் படி மாதம் 1,000 ரூபாய்க்கும் மனு கொடுங்கள். இது தானாக வராது. தனியாகக் கேட்டு, அதற்கான மதிப்பீட்டுக்கு உட்பட்டு வாங்க வேண்டும். பார்த்துக்கொள்பவரின் உழைப்புக்கென்று அரசு ஒதுக்கியிருக்கும் ஒரே மாதப் பணம் இது. உண்மையான தேவைக்குப் பக்கத்தில்கூட வராத தொகைதான், ஆனாலும் அது உங்களுடையது. விடாதீர்கள்.

பார்த்துக்கொள்பவர் மனைவி என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். கணவருக்குப் பராமரிப்புத் தொகை வருகிறது என்பதற்காகக் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மறுக்கப்படக் கூடாது. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நிலம், மின்சாரம் போன்ற மற்ற நிபந்தனைகள் பொருந்தினால் குடும்பத்தலைவிக்கு 1,000 ரூபாய் தனியாக வரும். மறுத்திருந்தால் மேல்முறையீட்டில் கணவரின் யூடிஐடி நகலை இணையுங்கள்.

வரத் தொடங்கிய பிறகு பணம் நிற்பதற்கு வழக்கமான காரணங்கள் மூன்று: ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய வாழ்நாள் சான்றைக் கொடுக்காதது, வங்கிக் கணக்கோடு ஆதார் இணைப்பு விட்டுப்போனது, நீண்ட நாள் பரிவர்த்தனை இல்லாமல் கணக்கு முடங்கியது. கைரேகை விழாதவர்களுக்கு ஆதாரை வீட்டுக்கே வந்து புதுப்பிக்கக் கேட்கலாம்.

அவர் பெயரில் உள்ள பணம்

சேமிப்பு முழுவதும் அவர் கணக்கில். அவரால் கையெழுத்துப் போட முடியாது. வங்கியில் "அவரே வரணும்" என்கிறார்கள். இந்த இடத்தில்தான் பல வீடுகளில் தாலிக்கொடி அடகுக்குப் போகிறது. அவசியமில்லை.

ரிசர்வ் வங்கியின் வாடிக்கையாளர் சேவை விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது. கையெழுத்துப் போட முடியாத நோயாளி, கை அல்லது கால் பெருவிரல் ரேகை வைக்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் உறுதிப்படுத்த வேண்டும், அதில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அதிகாரி. ரேகைகூட வைக்க முடியாதவர் பணம் எடுக்கும் படிவத்தில் ஒரு குறி இட்டால் போதும், அதே இரண்டு சாட்சிகளோடு. யார் பணத்தை வாங்கிக்கொள்வார் என்பதையும் அவர் காட்ட வேண்டும், அவரையும் சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும். கிளை மேலாளருக்கு இதைக் கடிதமாக எழுதி, மருத்துவர் சான்றை இணைத்து, அதிகாரி வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ வர வேண்டும் என்று கேளுங்கள். பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரை வாங்குங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு வீட்டு வாசலில் வங்கிச் சேவை தர வேண்டும் என்று 2017 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. அதிகாரி வந்த அன்றே, அவருக்குப் புரிந்து சம்மதிக்கும் நிலை இருந்தால், கணக்கைக் கூட்டுக் கணக்காக, இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கும்படி மாற்றிவிடுங்கள்.

பவர் பத்திரம் எழுதினால் போதும் என்று சொல்வார்கள். கை கால் மட்டும் முடங்கி மனம் தெளிவாக இருப்பவருக்கு அது உதவும். ஆனால் எழுதிக் கொடுத்தவர் புத்தி சுவாதீனம் இழந்தால் ஒப்பந்தச் சட்டப்படி பவர் செத்துவிடும். அவர் நினைவே இல்லாமல் கிடக்கிறார் என்றால் உயர் நீதிமன்றம்தான் வழி. 2024ல் கோமாவில் இருந்த ஒருவருக்கு அவர் மனைவியையே பாதுகாவலராக நியமித்து, சொத்தை விற்கவும் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதித்தது.

செலவைக் குறைக்கும் இடம்

மருந்து, டயாப்பரில் மிச்சம் பிடிப்பதைவிட ஒரு படுக்கைப்புண்ணைத் தடுப்பது பெரிய சேமிப்பு. ஆழமான ஒரு புண் மாதக்கணக்கில் ஆறாது. தினக் கட்டு, ஆன்டிபயாட்டிக், சில சமயம் ஆபரேஷன் வரை இழுத்துச் செல்லும். அவருக்கு வலி, உங்களுக்குக் கடன்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடுங்கள்: இடப்பக்கம், மல்லாந்து, வலப்பக்கம். ஒவ்வொரு முறையும் வால் எலும்பு, இடுப்பு எலும்பு, குதிகால், பிடரி நான்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் இன்னும் கெடவில்லை. அழுத்தியும் சிவப்பு மாறவில்லையென்றால் புண் தொடங்கிவிட்டது; அந்த இடத்தில் எடையே விழக்கூடாது. அங்கே தேய்த்துவிடாதீர்கள், உள்ளே நைந்த தசை மேலும் நையும். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் வேண்டாம். சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தை அது அடைத்துவிடும். குதிகால் படுக்கையில் படாமல் கெண்டைக்காலின் கீழ் தலையணை வையுங்கள். ஏர் பெட் வாங்கினாலும் புரட்டுவதை நிறுத்த முடியாது. சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். மேலே தூக்கினால் பழைய சிறுநீர் உள்ளே திரும்பி, கிருமித் தொற்றில் ஆஸ்பத்திரி வாசம்தான்.

பிசியோதெரபிக்கு ஆட்டோ வைத்துப் போவதற்கு முன் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் கொடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி, வலி தணிப்புச் சிகிச்சை, சர்க்கரை மற்றும் ரத்த அழுத்த மருந்துகள் தருகிறார்கள். மற்ற மருந்துகளுக்கு, மருத்துவரிடம் மூலப்பெயரில் எழுதி வாங்கி மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ வாங்குங்கள். சக்கர நாற்காலியைச் சொந்தப் பணத்தில் வாங்க வேண்டாம், நலத்துறையில் விண்ணப்பியுங்கள். தசைச்சிதைவு, தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்களுக்கு பேட்டரி நாற்காலியே தருகிறார்கள். பெரிய சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை: ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் என்றால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அட்மிட் ஆன பிறகு அட்டைக்கு ஓடாமல் முன்பே எடுத்து வையுங்கள்.

சாதாரண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் கூட வரும் ஒருவருக்கும் கட்டணமில்லை. ரயிலில், துணையில்லாமல் போக முடியாத உடல் இயக்க ஊனம் உள்ளவருக்கு இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி.யில் 75 சதவீதச் சலுகை. கூட வருபவருக்கும் அதே அளவு. ஆனால் யூடிஐடி மட்டும் போதாது, ரயில்வேயின் படிவத்தில் அரசு மருத்துவர் கையெழுத்திட்டு, ரயில்வே அட்டை வாங்கியிருக்க வேண்டும்.

கடன், வரி

தவணை கட்ட முடியாது என்று தெரிந்த மாதமே வங்கிக்கு எழுதுங்கள். 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதன் பிறகு தவணையைக் குறைப்பது, காலத்தை நீட்டிப்பது எல்லாம் கடினம். நகையை வைத்தே ஆக வேண்டுமென்றால் கூட்டுறவு வங்கியிலோ பொதுத்துறை வங்கியிலோ வையுங்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டி கேட்டு மிரட்டுபவர் மீது 2003 ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி காவல்துறையில் புகார் தரலாம்.

வருமான வரி கட்டுபவர் பார்த்துக்கொள்பவர் என்றால், 1961 சட்டத்தின் 80டிடி பிரிவில் தன்னைச் சார்ந்த மாற்றுத்திறனாளித் துணைக்காக 75,000 ரூபாய் கழிவு. 80 சதவீதமும் மேலும் என்றால் 1,25,000. எவ்வளவு செலவு செய்தீர்கள் என்று பில் காட்ட வேண்டியதில்லை. பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தால்தான் கிடைக்கும். மாற்றுத்திறனாளி தனக்கே எடுத்துக்கொள்ளும் 80யூ கழிவைத் துணை தன் கணக்கில் எடுத்திருந்தால் கிடைக்காது. 12 லட்சம் வரை வருமானத்துக்குப் புதிய முறையில் வரியே வராது என்பதால், அதற்கு மேல் உள்ளவர்கள் மட்டும் இரண்டு முறையிலும் போட்டுப் பாருங்கள். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன.

மறுத்தால்

வாய்மொழியாகச் சொல்லப்படும் "இல்லை"யை ஏற்க வேண்டாம். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து, மனு எண்ணோடு ரசீது வாங்குங்கள். துணையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. அவர் கைரேகையிட்ட மனுவோடு நீங்கள் போனால் போதும். முதல்வரின் உதவி மையம் 1100 எண்ணிலும் பதியலாம். அதிலும் அசையவில்லையென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார். வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதலாம். யூடிஐடி நகல், மனு ரசீது, மறுப்புக் கடிதம் மூன்றையும் இணையுங்கள்.

வக்கீல் வேண்டும் என்றால் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்குக் கூப்பிடுங்கள். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987 சட்டம். விபத்து இழப்பீடு, பாதுகாவலர் மனு, ஓய்வூதிய வழக்கு மூன்றுக்கும் இது பொருந்தும். வெளியே இழப்பீட்டில் பங்கு கேட்கும் ஆளிடம் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அங்கே ஒருமுறை போய் வாருங்கள்.